முத்தம் பலகையானது எப்படி? ‘பாக்ஸ்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் படத் தொகுப்புகளை மேய்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஒரு சாண் உயரத்தில் ஒரு தகடு. மேல்பக்கம் பெரும்பாலும் வளைந்திருக்கும். நடுவில் சிலுவையில் தொங்கும் இயேசு, அல்லது குழந்தையை ஏந்திய மரியா. சிலது வெள்ளி, சிலது செம்பு, சிலது தந்தம், சிலது வெறும் மரம். பார்த்ததும் ‘குட்டிச் சாமி படம்’ என்றுதான் தோன்றும். இணையத்தில் பகிர்கிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பயணத்தில் பையில் வைத்துக்கொண்ட படம் என்பார் ஒருவர். புனிதரின் எலும்பு வைத்த பேழையின் மூடி என்பார் இன்னொருவர். போதாததற்கு, கொள்ளைநோய்க் காலத்தில் தொற்றுக்குப் பயந்து கண்டுபிடித்தது என்று ஒரு கதையும் உலவுகிறது.

இந்த மூன்றுமே சரியில்லை. விடை தகட்டின் முதுகில் இருக்கிறது. திருப்பினால் அங்கே ஒரு கைப்பிடி இருக்கும். சுவரிலோ மாடத்திலோ இருக்கிற சாமி படத்துக்குக் கைப்பிடி எதற்கு? இது யாரோ ஒருவர் கையில் பிடித்து, இன்னொருவர் முகத்துக்கு நேராக நீட்டுவதற்காகச் செய்த பொருள். நீட்டினால் எதிரில் இருப்பவர் முத்தமிட வேண்டும். பல தகடுகளில் இயேசுவின் முகம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருப்பது அதனால்தான்.

லத்தீன் மொழியில் ‘பாக்ஸ்’ என்றால் சமாதானம். அதுவே இந்தப் பொருளுக்கும் பெயராகிவிட்டது. தமிழில் பாக்ஸ் என்று எழுதினால் டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வரும் என்பதால், இந்தக் கட்டுரையில் இதைச் சமாதானப் பலகை என்றே சொல்கிறேன். மரத்தில் செய்ததையும் வெள்ளியில் செய்ததையும் சேர்த்து ஆங்கிலேயர்களும் பலகை என்றுதான் சொன்னார்கள்.

சடாரியில் தொடங்குவோம்

பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பொருளைப் புரியவைப்பது சுலபம். கர்ப்பக்கிருகத்துக்குள் நாம் போக முடியாது, பெருமாளின் திருவடியைத் தொட முடியாது. அதற்காகத்தான் சடாரி. திருவடி பொறித்த அந்தக் கிரீடத்தைப் பட்டர் வெளியே எடுத்துவந்து, வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் தலையிலும் வைத்து எடுக்கிறார். நாம் உள்ளே போகவில்லை, உள்ளே இருப்பது நம்மிடம் வந்தது.

சமாதானப் பலகையும் இந்த வேலையைத்தான் செய்தது. பீடத்தில் குருவானவர் முத்தமிட்ட பலகையை உதவியாள் கீழே எடுத்துவருவார். மக்கள் ஒவ்வொருவராக முத்தமிடுவார்கள். பீடத்தில் தொடங்கிய ஒன்று கோயிலின் கடைசி ஆள்வரை வந்து சேரும்.

ஒப்புமை இதோடு முடிகிறது, இனி வித்தியாசம். சடாரியில் வருவது ஆசி. அது மேலிருந்து கீழே வரவேண்டியதுதான். பலகையில் வந்ததோ, ஆதியில் மனிதரும் மனிதரும் பரிமாறிக்கொண்ட வணக்கம். பக்கத்தில் நிற்பவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கொடுத்தது. அது எப்படி மேலிருந்து கீழே வருகிற ஒன்றாக மாறியது என்பதுதான் இந்தப் பொருளின் கதையே.

முதலில் பலகை இல்லை, முத்தம்தான்

ஆதிக் கிறிஸ்தவ போதகரான பவுல் தன் கடிதங்களில், ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள் என்று பல இடங்களில் சொல்கிறார். ரோமையருக்கு எழுதியதில் 16ஆம் அதிகாரத்தில் வருகிறது. கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று வெளியாட்களுக்கு விளக்கும்போது, ஜெபம் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துகிறோம் என்று எழுதுகிறார். அவருக்குப் பின்வந்த தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் இந்த முத்தத்தை ஜெபத்தின் முத்திரை என்கிறார். கடிதம் எழுதி முடித்து முத்திரை குத்துகிற மாதிரி.

இதற்குச் சமாதான முத்தம் என்று பெயர். அந்தக் கால ரோமானிய உலகத்தில் முத்தம் உறவினர்களுக்குள் புழங்கிய வணக்கம். ரத்த உறவில்லாத ஒருவருக்கு அதைக் கொடுப்பது, ‘நீயும் எங்கள் வீட்டு ஆள்’ என்று சொல்வதற்குச் சமம். அடிமைக்கும் எசமானனுக்கும் இடையே அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு மெல்ல மெல்ல வேலி வந்தது. ஆண்கள் ஆண்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு என்று பிரித்தார்கள். 416இல் பாப்பரசர் முதலாம் இன்னசென்ட் ஓர் ஆயருக்கு (பிஷப்புக்கு) எழுதிய கடிதத்தில், சமாதான முத்தம் வழிபாட்டின் மைய மந்திரம் முடிந்த பிறகுதான் வரவேண்டும் என்கிறார். இதனால் ரோம மரபில் முத்தத்தின் இடம், நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் என்று நிலைத்தது. (நற்கருணை என்பது திருப்பலி என்ற பூசையில் குரு மந்திரித்துக் கொடுக்கும் அப்பமும் இரசமும்.)

இடைக்காலத்தில் இன்னொரு மாற்றம். முன்பு எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருப்பவரை முத்தமிட்டார்கள். இப்போது குரு முதலில் பீடத்தை முத்தமிடுவார், அவர் துணைக் குருவுக்குக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுகிற மாதிரி ஒரு சங்கிலி. எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்த ஒன்று, ஒரு புள்ளியில் தொடங்கி வரிசையாக நகரும் ஒன்றாக மாறியது. பலகை வருவதற்கு முன்பே பாதை போட்டாகிவிட்டது.

பலகை ஏன் வந்தது?

13ஆம் நூற்றாண்டின் நடுவில் சங்கிலிக்குள் ஒரு பொருள் நுழைகிறது. இங்கிலாந்தில் 1250 வாக்கில், யார்க் பேராயர் வால்டர் டி கிரேயின் காலத்து விதிகளில், ஒவ்வொரு பங்குக் கோயிலும் (அந்தந்த வட்டாரத்து மக்களுக்கான கோயில்) வைத்திருக்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் இது இடம்பெறுகிறது. 1287இல் எக்ஸிடர் மறைமாவட்டப் பட்டியலிலும் சமாதானத்துக்கான பலகை என்று வருகிறது.

இந்த ஆண்டுகளை வைத்தே கொள்ளைநோய்க் கதையை முடித்துவிடலாம். கறுப்புச் சாவு என்ற அந்தப் பெருங்கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்தது 1348இல். பலகை அதற்கு நூறு ஆண்டு மூத்தது. தவிர, ஊரே ஒரே தகட்டில் வாய்வைப்பது தொற்றைத் தடுக்கும் வழியா என்ன?

சரி, அப்படியானால் ஏன்? ஆணும் பெண்ணும் முத்தமிடுவது பற்றிய கூச்சம் ஒரு காரணம். கூட்டம் பெருகிய கோயில்களில் ஒழுங்கு வேண்டியிருந்தது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. அந்தக் காலத்தில் சாதாரண மக்கள் நற்கருணை வாங்குவதே அபூர்வம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, வருடத்தில் ஒருமுறையாவது, பாஸ்கா (ஈஸ்டர்) சமயத்தில், பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, நற்கருணை வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ‘ஒருமுறையாவது’ என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றாலே நிலைமை புரியும். மற்ற ஞாயிறுகளில் அப்பம் குருவுக்கு மட்டும். மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி நின்றவர்களின் உதடுவரை பீடத்திலிருந்து வந்து சேர்ந்தது இந்தப் பலகை ஒன்றுதான். குரு நற்கருணை வாங்கும் அதே தறுவாயில் மக்கள் பலகையை முத்தமிட்டார்கள். அப்பத்துக்குப் பதில் பலகை என்று யாரும் சட்டம் எழுதவில்லை. ஆனால் நடைமுறையில் அந்த இடத்தை அது நிரப்பியது.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்ப்போம். ஒருவருக்கொருவர் கொடுத்த முத்தம் முதலில் சங்கிலியாயிற்று. பிறகு சங்கிலியை ஒரு பொருள் சுமந்தது. அந்தப் பொருள், கிடைக்காத நற்கருணையின் கனத்தையும் சேர்த்துச் சுமந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இதன் ஒரு சாயல் தெரியும். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யும்போது, பக்கத்தில் ஒருவர் துணியோடு நிற்பார். ஒருவர் முத்தமிட்டதும் பாதத்தைத் துடைப்பார், அடுத்தவர் வருவார், மறுபடி துடைப்பார். சமாதானப் பலகையோடும் அப்படி ஒரு சின்ன லினன் துணி போனது.

பலகையைக் கொண்டுவருபவர் ஒவ்வொருவரிடமும் ‘பாக்ஸ் தேக்கும்’ என்பார். ‘சமாதானம் உன்னோடு’ என்று பொருள். முத்தமிடுபவர், உம் ஆவியோடும் இருப்பதாக என்று பதில் சொல்வார். இது வெறும் மரியாதை வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறில் இருப்பவன் இந்தப் பலகையை முத்தமிட்டால், பகையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். பலகையை ஒருவன் மறுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

பணக்காரக் கோயிலில் வெள்ளிப் பலகைக்கு முலாம் பூசி, பண்டிகை நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். ஏழைக் கோயிலில் மரப்பலகையில் வண்ணம் தீட்டி ஒரு படம். கண்ணாடி, எலும்பு, சிப்பி என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் செய்திருக்கிறார்கள்.

முதல் மரியாதை யாருக்கு?

வரிசை என்று ஒன்று இருந்தால், முதலில் யார் என்று ஒரு கேள்வியும் இருக்கும். நம் ஊர்த் திருவிழாக்களில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் எத்தனை தலைமுறைப் பகை, எத்தனை வழக்கு! சமாதானப் பலகையும் நேராக அதில் போய் விழுந்தது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர், தன் கதைத் தொகுப்பில் வரும் பாதிரியார் பாத்திரத்தின் வாயால், அகங்காரத்தின் அடையாளங்களைப் பட்டியலிடுகிறார். அண்டைவீட்டானுக்கு முன்னால் பலகையை முத்தமிட ஆசைப்படுவது அதில் ஒன்று. பிரசங்கத்தில் உதாரணம் காட்டும் அளவுக்கு அது சகஜமாக இருந்திருக்கிறது.

1494இல் லண்டனில் ஒரு பங்குக் கோயில் நிர்வாகிகள் ஒரு பெண்மீது புகார் கொடுக்கிறார்கள். அவர் பலகையைத் தரையில் வீசி உடைத்துவிட்டாராம். காரணம், அவருக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள்.

1522இல் எசெக்ஸில் தெய்டன் கார்னன் என்ற ஊரில் நடந்தது அதைவிட மோசம். ஜான் பிரவுன் என்பவர், தீர்த்தம் தெளிக்கும் கோயில் பணியாளர் ரிச்சர்ட் பாண்டிடம், இனிமேல் எனக்கு முதலில் தராவிட்டால் உன் தலையிலேயே இதை உடைப்பேன் என்று ஒரு ஞாயிறு எச்சரிக்கிறார். அடுத்து வந்த சகல புனிதர் திருநாளன்று பலகை அவரிடம் வருகிறது. முதல் ஆளாக இல்லை. பிரவுன் பலகையை வாங்கி முறைப்படி முத்தமிடுகிறார். முத்தமிட்ட கையோடு பணியாளரின் மண்டையில் அடித்து உடைக்கிறார். ரத்தம் தரையில் ஓடியது என்று பதிவு சொல்கிறது.

முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்பதைக் கவனியுங்கள். சமாதானத்தையும் விடவில்லை, மரியாதையையும் விடவில்லை. இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை அந்தப் பலகை ஊரில் தன் இடம் எது என்று வாராவாரம் சொல்கிற பொருள். எல்லாரும் ஒரே வீட்டு ஆட்கள் என்று சொல்ல வந்த முத்தம், யார் உசத்தி என்று அளக்கும் கோலாகிவிட்டிருந்தது.

பழைய பொருளுக்குப் புது வேலை

சமாதானப் பலகையாகவே செய்யப்படாத பொருள்களும் பலகை ஆகியிருக்கின்றன. வட இத்தாலியில் கியவென்னா என்ற ஊரில், 11ஆம் நூற்றாண்டுத் தங்க வேலைப்பாடு ஒன்று இருக்கிறது. முத்தும் கல்லும் பதித்த அற்புதமான பொருள். அது உண்மையில் நற்செய்தி நூல் ஒன்றின் அட்டை. ஆனால் ஊரார் அதைச் சமாதானம் என்று பொருள்படும் ‘பாச்சே’ என்ற சொல்லால்தான் அழைக்கிறார்கள். புத்தகம் போய்விட்டது, அட்டை முத்தம் வாங்கும் பலகையாயிற்று. சிவிதாலே என்ற ஊரில் பழைய தந்தச் சிற்பம் ஒன்றை வெள்ளிச் சட்டத்தில் பொருத்தி இதே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் பாட்டியின் ஒட்டியாணம் உருகி வளையல் ஆகிற மாதிரி இல்லை இது. பொருள் அப்படியேதான் இருக்கிறது, அதற்குக் கொடுத்த வேலைதான் வேறு.

ஃபிளாரன்ஸ் கதை வேறு ரகம். 1452 வாக்கில் அந்த நகரத்தின் ஞானஸ்நானக் கோயிலுக்காக மாசோ ஃபினிகுவேரா என்ற பொற்கொல்லர் செய்ததாகச் சொல்லப்படும் வெள்ளிப் பலகை, இப்போது பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரியாவுக்கு முடிசூட்டும் காட்சி. அது நியல்லோ வேலை. வெள்ளியில் கோடுகளைக் கீறி, அந்தப் பள்ளங்களில் கந்தகம் கலந்த கறுப்புக் கலவையை உருக்கி ஊற்றித் தேய்ப்பதற்கு அந்தப் பெயர். ஊற்றுவதற்கு முன் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கொல்லர்கள் மை தடவி நகல் எடுப்பதுண்டு. அப்படி நகல் எடுக்கப் போய்த்தான் உலோகத் தகட்டில் படம் அச்சிடும் கலையே பிறந்தது என்று 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொன்னார். நல்ல கதைதான், ஆனால் நிற்காது. 1446 என்று ஆண்டு பொறித்த ஜெர்மானிய அச்சுப்படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனாலும், பெரிய கைவினைஞர்கள் தங்கள் முழுத் திறமையையும் காட்டிய இடமாக இந்தச் சாண் உயரத் தகடு இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பாக்ஸ் வேறு, பிக்ஸ் வேறு. பிக்ஸ் என்பது நோயாளிகளுக்கு எடுத்துப்போக நற்கருணையை வைக்கும் சிமிழ். இரண்டையும் குழப்புவது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வியாதி இல்லை. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பார்டால்ஃப் என்ற சிப்பாய் கோயிலில் திருடித் தூக்குக்குப் போகிறான். ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய வரலாற்று நூலில் திருடுபோனது பிக்ஸ். நாடகத்தில் அது பாக்ஸ். தெரிந்து மாற்றினாரா, தவறி மாறியதா என்று இன்றும் பதிப்பாசிரியர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

பலகை ஓய்ந்த விதம்

16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் இங்கிலாந்தில் பலகையை ஒரே அடியில் ஒழிக்கவில்லை. முதலில் அர்த்தத்தை மாற்றிப் பார்த்தார்கள். 1548இல் டான்காஸ்டர் வட்டாரத்துக்கு வந்த உத்தரவில், பலகையைக் கொண்டுவருபவர் இது ஓர் அடையாளம் மட்டுமே, சமாதானம் செய்பவர் கிறிஸ்து ஒருவரே என்று உரக்க அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பலகைக்கு விளக்கவுரை போட்டாகிவிட்டது. மறு ஆண்டு, 1549இல் வந்த ஆங்கில வழிபாட்டு நூலில் பலகைக்கே இடமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அரசு கோயில் வெள்ளிகளைக் கணக்கெடுத்துப் பறிமுதல் செய்தபோது, வெள்ளிப் பலகைகளும் உருக்குப் பானைக்குப் போயின.

கத்தோலிக்க நாடுகளில் யாரும் தடை போடவில்லை. 1600இல் வந்த ஆயர்களுக்கான சடங்கு நூலிலும் பலகை இருக்கிறது. ஆனால் யாருக்கு முதலில் என்ற தகராறு அங்கேயும் குருமார்களைக் களைப்படையச் செய்தது. மக்கள் அடிக்கடி நற்கருணை வாங்கத் தொடங்கியதும், பதிலிக்குத் தேவையும் குறைந்தது. பிரபுக்களும் நீதிபதிகளும் வரும் பெரிய பூசைகளுக்கு மட்டும் என்று சுருங்கி, அப்புறம் அலமாரிக்குள் போனது. 19ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அங்கிருந்து வாங்கிப் போனார்கள். சிலர் கைப்பிடியைக் கழற்றிவிட்டுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நாம் முதலில் பார்த்த ‘குட்டிச் சாமி படம்’ என்ற குழப்பத்துக்கு அடித்தளம் அங்கே விழுந்தது.

1969

முத்தம் தொடங்கி வைத்த செய்கை மட்டும் திரும்பி வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையைப் புதுப்பிக்கக் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற பேரவைக்குப் பிறகு, 1969இல் புதுப்பிக்கப்பட்ட திருப்பலி முறையில், மக்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் வழக்கம் மீண்டது. எந்தச் சைகையால் என்பதை அந்தந்த நாட்டு வழக்கப்படி அங்குள்ள ஆயர்கள் முடிவுசெய்யலாம். மேற்கில் கைகுலுக்கினார்கள், சில இடங்களில் கட்டித் தழுவினார்கள். சங்கிலி வேண்டாம், பலகை வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்.

கேரளத்துச் சிரிய மரபுக் கிறிஸ்தவர்களிடம் பீடத்திலிருந்து கைமாறி வரும் சங்கிலி இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே பலகை இல்லை. ஒருவர் கூப்பிய கையை மற்றவர் தன் கைகளால் பற்றி, அடுத்தவருக்குக் கொண்டுபோகிறார்.

இந்தியாவுக்கென்று அதே 1969 ஏப்ரலில் ரோம் ஒப்புக்கொண்ட 12 மாற்றங்கள் உண்டு. அதில் இரண்டு நம் கதைக்கு நேரடியாக வேண்டியவை. சமாதான முத்தத்துக்குப் பதில் கைகூப்பி வணங்கலாம் என்பது ஒன்று. பொருள்களை முத்தமிட வேண்டிய இடத்தில், விரலால் தொட்டுக் கண்ணிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. கற்பூரத் தட்டுக்கும் கீழே விழுந்த புத்தகத்துக்கும் நாம் யோசிக்காமல் செய்கிற அதே செய்கை, திருப்பலி விதியில் ஏறிவிட்டது.

2020இல் கொரோனா வந்தபோது ஐரோப்பியக் கோயில்களில் கைகுலுக்க வேண்டாம், தலையசைத்தால் போதும் என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கோயில்கள் மறுபடி திறந்தபோது, இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னும் பின்னும் திரும்பி, எப்போதும் போலக் கைகூப்பிக்கொண்டார்கள்.